பள்ளிக்கூடத்தில் காகித வேலை குறைந்தால் படிப்பு நன்றாக நடக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டு பாடம் நடத்தினேன். அதன் பிறகு ஏழு ஆண்டு தலைமை ஆசிரியராக இருந்தேன். இந்த இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்தும்: "இந்த ஆபீஸ் தொல்லை மட்டும் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் நன்றாக நடக்குமோ?" பெற்றோர் கேட்பார்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் கேட்பார்கள், சில சமயம் அலுவலகத்தில் இருப்பவர்களே கேட்பார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆபீஸ் தொல்லை, அதாவது அதிகாரத்துவம், என்று எதைச் சொல்கிறீர்கள்?

வேலையைச் செய்பவர் ஒருவர், அனுமதி தருபவர் இன்னொருவர், நடந்ததா என்று கேட்பவர் மூன்றாமவர், கேட்டதைப் பதிந்து மேலே அனுப்புபவர் நான்காமவர். இப்படி அடுக்கடுக்காகப் போகும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். பள்ளிக்குள் அது சுற்றறிக்கையாக, படிவமாக, பதிவேடாக, "இன்று மாலைக்குள் அனுப்பவும்" என்ற செய்தியாக வந்து சேரும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, அறக்கட்டளைப் பள்ளி எல்லாவற்றிலும் இது உண்டு. அளவுதான் மாறும்.

அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன?

எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. விதி, கோப்பு, பதவி வரிசை என்ற மூன்றையும் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதினார். ஆளைப் பார்த்துச் சலுகை காட்டாமல் எல்லோரையும் ஒரே விதிப்படி நடத்துவது இந்த ஏற்பாட்டின் இயல்பு என்பது அவர் கணிப்பு. பள்ளிச் சேர்க்கையை நினைத்துப் பாருங்கள். எழுதி வைத்த விதி இல்லாத இடத்தில் தெரிந்தவர் பிள்ளைக்கு முதலில் இடம் கிடைக்கும். யாரையும் தெரியாதவர் வாசலிலேயே நிற்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல பதிவேடு ஒரு பிள்ளையைக் காப்பாற்றும். என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள், நன்றாகப் படிப்பவள். மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போதுதான் அது கண்ணில் பட்டது. நான்கு வாரமும் வியாழக்கிழமைக் கட்டத்தில் 'வரவில்லை' என்று இருந்தது. மற்ற எல்லா நாளும் வந்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். அம்மாவுக்கு வாரம் ஒருநாள் மருத்துவமனையில் சிகிச்சை. அன்றைக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. "தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, கடைசி பெஞ்சில் உட்காரட்டும்" என்றேன். அதற்கப்புறம் ஒரு வியாழன்கூட அவள் தவறவில்லை. வாரத்துக்கு ஒருநாள் வராததெல்லாம் யார் நினைவிலும் தங்காது. பதிவேட்டில் தங்கியது.

அந்தப் பதிவேட்டை எழுதியது நான், படித்தது நான், படித்ததும் ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருந்ததும் நான். அதனால்தான் அது பயன்பட்டது. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இதிலிருந்து வந்ததுதான்: இதை யார் படிப்பார்? படித்தபின் என்ன செய்வார்? இரண்டுக்கும் பதில் இருந்தால் அந்தக் காகிதம் இருக்கட்டும்.

காகித வேலை உண்மையிலேயே படிப்பைத் தின்கிறதா? ஆசிரியர்கள் மிகைப்படுத்துகிறார்களா?

மிகை இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு பல நாட்டு ஆசிரியர்களிடம் 2018இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மன அழுத்தத்துக்கு என்ன காரணம் என்று கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் நிர்வாக வேலை அதிகமாக இருப்பதைச் சொன்னார்கள்.

வகுப்பறையில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. மாலைக்குள் அனுப்ப வேண்டிய பட்டியல் ஒன்று மேஜையில் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்த விவரம்தான், இந்த முறை கட்டங்கள் மட்டும் வேறு வரிசையில். "சத்தம் போடாமல் படிங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பையன் நோட்டை எடுத்துக்கொண்டு மேஜை ஓரத்தில் வந்து நிற்கிறான். வகுத்தல் கணக்கு. மீதி எங்கே போகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. விரலை அந்த வரியில் வைத்தபடியே காத்திருக்கிறான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "திங்கட்கிழமை பார்க்கலாம்பா" என்றேன். திங்கட்கிழமை அவன் வரவில்லை. அதாவது பள்ளிக்கு வந்தான், மேஜைக்கு வரவில்லை. கேட்க வேண்டும் என்ற அந்த வேகம் தணிந்துவிட்டது. எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத இழப்பு இது. எனக்கு இன்றும் அந்த விரல் நினைவிருக்கிறது.

இவ்வளவு காகிதத்தையும் யார்தான் கேட்கிறார்கள்?

பாதி மேலே இருந்து வருகிறது. மீதியை நாமே பயத்தில் உண்டாக்கிக்கொள்கிறோம்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பின் பெயர் ஆஃப்ஸ்டெட். ஆய்வாளர் வந்தால் கேட்பார் என்று ஒவ்வொரு பாடவேளைக்கும் பக்கம் பக்கமாகப் பாடத்திட்டம் எழுதினார்கள். நோட்டுகளில் மூன்று நிறப் பேனாவில் திருத்தம் போட்டார்கள். கடைசியில் ஆஃப்ஸ்டெட்டே, "தனித்தனிப் பாடத்திட்டம் எங்களுக்குத் தேவையில்லை, குறிப்பிட்ட விதத்தில் திருத்த வேண்டும் என்றும் நாங்கள் கேட்பதில்லை" என்று எழுத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. 2014இல் அந்நாட்டு அரசு ஆசிரியர்களின் வேலைப்பளு பற்றிக் கருத்துக் கேட்டபோது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். பிறகு அமைத்த குழுக்கள் திருத்துதல், திட்டமிடுதல், தரவு சேகரிப்பு மூன்றையும் ஆராய்ந்து 2016இல் அறிக்கை கொடுத்தன. பக்கம் பக்கமாக எழுதித் திருத்துவதால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவற்றில் ஒரு முடிவு.

மேலே இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார். நடுவில் இருப்பவர், தன்னைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்று அதோடு இரண்டு சேர்ப்பார். பள்ளிக்கு வரும்போது அது எட்டுப் பக்கப் படிவமாகியிருக்கும். இந்த வரிசையில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் பயம், அவ்வளவுதான். நானும் தலைமை ஆசிரியராக இருந்தபோது "எதற்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

காகிதம் வேண்டாம், தேர்வு முடிவை மட்டும் பார்த்து பள்ளியை எடைபோட்டால் போதாதா?

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதைச் செய்து பார்த்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் வருகையையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஆய்வாளர் முன்னால் அவர்கள் தேறுவதையும் பொறுத்துத்தான் பள்ளிக்கு மானியம். விளைவு என்ன? வாசிப்புப் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். வரலாறு, புவியியல் எல்லாம் ஓரத்துக்குப் போயின. கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தார். அவரே இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். அது முழுதாக ஒழிய 1890கள் ஆயிற்று.

அமெரிக்காவில் 2002இல் வந்த சட்டம் பள்ளிகளின் தலையெழுத்தைத் தேர்வு மதிப்பெண்ணோடு கட்டியது. அட்லாண்டா நகரில் 2009இல் நடந்த தேர்வில் விடைத்தாள்களைத் திருத்தி எழுதியிருந்தார்கள். 2011இல் வெளியான விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் இதில் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. 2015இல் பதினோரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஓர் எண்ணை வைத்து எவ்வளவு பெரிய முடிவு எடுக்கிறோமோ அவ்வளவு அந்த எண் கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எழுதியிருந்தார். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. சம்பளத்தையும் வேலையையும் அதில் கட்டித் தொங்கவிட்டால், அந்த வேலைக்கு அது உதவாமல் போய்விடும்.

ஃபின்லாந்தில் ஆய்வாளரே கிடையாதாமே? நாமும் அப்படிச் செய்தால் என்ன?

உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் அங்கே பள்ளி ஆய்வை எடுத்துவிட்டார்கள். பாடநூலுக்கு முன் அனுமதி வாங்குவதையும் நிறுத்தினார்கள். நாடு தழுவிய பெரிய தேர்வு மேல்நிலைப் படிப்பின் முடிவில் மட்டும்தான். ஆனால் இந்தக் கதையை எல்லோரும் பாதியிலிருந்து சொல்கிறார்கள். 1970களில் அங்கே பொதுப்பள்ளி முறையைக் கொண்டுவந்தபோது எல்லாம் மையத்திலிருந்துதான் நடந்தது. விரிவான பாடத்திட்டம் இருந்தது, ஆய்வும் இருந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் ஆசிரியர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும் என்று ஆக்கினார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வகுப்பறைகளை நிரப்பிய பிறகுதான் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து அதே விளைவை எதிர்பார்க்க முடியாது.

இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை: பல நாட்டுப் பதினைந்து வயது மாணவர்களின் திறனை ஒப்பிட்டுப் பார்க்கும் பிசா தேர்வுகளில் 2006க்குப் பிறகு ஃபின்லாந்தின் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆய்வாளர் இல்லாததுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 'ஆய்வாளரை எடுத்தால் எல்லாம் சரியாகும்' என்பதற்கு அந்த நாட்டைச் சாட்சிக்கு அழைப்பது சரியில்லை.

நடுவில் இருக்கும் அலுவலகத்தைக் கலைத்துவிட்டு, பள்ளியே தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ள விட்டால்?

நியூசிலாந்து 1989இல் இதைத்தான் செய்தது. வட்டாரக் கல்வி வாரியங்களைக் கலைத்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. ஆசிரியர் நியமனம், செலவு, கட்டடப் பராமரிப்பு எல்லாம் பள்ளியின் பொறுப்பு.

பள்ளிக்குச் சுதந்திரம் வந்தது. கூடவே வேலையும் வந்தது. வாரிய அலுவலகம் பார்த்த கணக்கு வழக்கெல்லாம் பள்ளி முதல்வர் மேஜைக்கு இடம் மாறியது. அவர்களுடைய நிர்வாக வேலை கூடிவிட்டது. வழக்கறிஞரும் கணக்காளரும் பெற்றோராக இருக்கும் பகுதியில் குழு நன்றாக நடந்தது. அப்படிப்பட்டவர்கள் இல்லாத பகுதியில் திணறியது. 2018இல் அங்கே ஒரு மறுஆய்வுக் குழு, பள்ளிகளுக்குத் துணை நிற்க வட்டார மையங்கள் மறுபடி வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

அலுவலகத்தைக் கலைக்கலாம். அது செய்த வேலை எங்கே போகிறது என்பதைக் கலைக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். சம்பளப் பட்டியல் போடுவதும் கூரையைப் பழுது பார்ப்பதும் யாரோ ஒருவர் செய்தாக வேண்டிய வேலைகள். அந்த ஒருவர் பாடம் நடத்துபவராக இல்லாமல் இருப்பதே நல்லது. பல பள்ளிகளுக்கு இன்னும் ஓர் எழுத்தர் கிடைத்தாலே காகிதச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும். சிக்கனம் பேசுபவர்களுக்கு இது பிடிக்காது. நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

கண்காணிப்பு குறைந்தால் ஆசிரியர்கள் வராமலே இருந்துவிடுவார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆசிரியர்கள் பலருக்குக் கோபம் வரும். கோபப்பட வேண்டியதில்லை. இது நடக்கிற விஷயம்தான்.

ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தியது. எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். ஆசிரியரிடம் நாளும் நேரமும் பதிவாகும் ஒரு கேமரா. காலையிலும் மாலையிலும் ஒரு மாணவர் ஆசிரியரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். எத்தனை நாள் வந்தார் என்பதைப் பொறுத்துச் சம்பளம். கேமரா இல்லாத பள்ளிகளில் நூறு நாளில் 42 நாள் ஆசிரியர் இல்லை. கேமரா இருந்த பள்ளிகளில் அது 21 ஆனது. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது.

கண்காணிப்பு பலன் தந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு எவ்வளவு காகிதம் செலவானது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு படம். ஆசிரியர் எழுத வேண்டியது ஒரு வரிகூட இல்லை. படத்தை ஒருவர் பார்த்தார், பார்த்ததன்படி சம்பளம் போட்டார்.

பெரிய அளவில் கிடைக்கும் சான்றும் இதையொட்டித்தான் இருக்கிறது. எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன், சூசன் லிங்க் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 42 நாடுகளின் பிசா முடிவுகளை 2000 முதல் 2009 வரை எடுத்து ஆராய்ந்தார்கள். பள்ளிக்குத் தானாக முடிவெடுக்கும் உரிமை கூடியபோது, வளர்ந்த நாடுகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். வளரும் நாடுகளில் பின்தங்கினார்கள். எங்கே பயிற்சியும் பொறுப்பும் வேரூன்றியிருக்கிறதோ அங்கேதான் தளர்வு வேலை செய்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பணம் என்று வந்தால் கட்டுப்பாடு வேண்டாமா?

வேண்டும். பெரிய தொகைக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் கையெழுத்துகளின் எண்ணிக்கை கூடினால் திருட்டு குறையும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. உகாண்டாவில் 1991க்கும் 1995க்கும் இடையில், பள்ளிகளுக்கென ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளியை எட்டியது. நடுவில் எல்லாக் கையெழுத்தும் முறைப்படி இருந்திருக்கும். அப்புறம் அரசு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்பதை நாளிதழ்களில் வெளியிட்டது. பள்ளியிலும் எழுதி ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இந்த முன்னேற்றத்தில் நாளிதழின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் வாசலில் ஒட்டிய கணக்கை நூறு பெற்றோர் படிப்பார்கள். அலமாரிக் கோப்பை ஒருவர் படிப்பார், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை.

சின்னத் தொகைக்கு இந்தக் கெடுபிடி எதற்கு? எங்கள் பள்ளியில் ஒருமுறை தண்ணீர்க் குழாயின் திருகு உடைந்து ஒழுகியது. புதுத் திருகு மாட்ட ஒருவருக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு ஒரு கடிதம், மூன்று விலைப்புள்ளி, ஓர் அனுமதி, பிறகு ஒரு நிறைவுச் சான்று. ஐந்து வாரம் அடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தோம். குறிப்பிட்ட தொகைக்குள் தலைமை ஆசிரியரே செலவு செய்து ரசீது வைத்துக்கொள்ளலாம், ஆண்டு முடிவில் தணிக்கை செய்யலாம் என்று இருந்தால் அன்று மாலையே குழாய் சரியாகியிருக்கும்.

எல்லாம் கணினியில் வந்த பிறகுமா இந்தப் பிரச்சினை?

ஆமாம். பல இடங்களில் நோட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றுகிறார்கள். ஒரே பெயரையும் பிறந்த தேதியையும் நான்கு செயலிகளில் தட்டுகிறார்கள். கட்டம் சேர்ப்பது கணினியில் எளிது என்பதால் கேள்விகளும் பெருகுகின்றன.

எஸ்டோனியா இதை வேறு விதமாகப் பார்த்தது. ஒரே தரவைச் சேகரிக்கத் தனித்தனித் தரவுத்தளங்கள் வைக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஒரு துறைக்கு வேண்டியது இன்னொரு துறையிடம் இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்ற ஒற்றை விதியை எல்லா நாடும் எடுத்துக்கொண்டால், ஆசிரியர்களின் எத்தனையோ மாலைப் பொழுதுகள் திரும்பக் கிடைக்கும்.

ஆய்வும் மதிப்பீடும் பள்ளியை மேம்படுத்தத்தானே?

அந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பெரிய பள்ளி மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டார்கள், குறைகளைப் பட்டியலிட்டார்கள், பள்ளிவாரியாக மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் இதை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பீடு நடந்தது, திட்ட அறிக்கைகள் வந்தன. ஆசிரியர் வருகையோ கற்பிக்கும் முறையோ பிள்ளைகளின் கற்றலோ மாறவில்லை. ஆனால் காகிதத்தில் எல்லாம் முடிந்திருந்ததால் அது வெற்றி என்று தோன்றியது, இன்னும் பல மாநிலங்களுக்குப் பரவியது. காகித வேலையில் எனக்குப் பெரிய பயமே இதுதான். வேலை நடக்காததைக்கூட அது மறைத்துவிடும்.

ஆய்வாளர் வரட்டும். வந்தவர் முதலில் பதிவேட்டைக் கேட்காமல், ஏதாவது ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "இதைப் படித்துக் காட்டு கண்ணு" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் பள்ளியின் நிலை தெரிந்துவிடும். அப்படிச் செய்த ஒரே ஓர் ஆய்வாளரை நான் பார்த்திருக்கிறேன். அவர் போன பிறகு இரண்டு வாரம் அவர் சொன்னதைத்தான் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தோம்.

தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. அவை நன்றாகத்தானே நடக்கின்றன?

சில நன்றாக நடக்கின்றன, சில இல்லை. அமெரிக்காவில் 1991இல் மின்னசோட்டா மாநிலம், பொதுப்பணத்தில் நடந்தாலும் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்குப் பெற்ற சார்ட்டர் பள்ளிகளுக்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அதைப் பின்பற்றி வந்தவற்றில் பாஸ்டன் நகரப் பள்ளிகள் சிறப்பாகச் செய்தன. இணையவழியில் மட்டும் நடந்தவை மோசமாகச் செய்தன. விலக்கு எல்லாவற்றுக்கும் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஒரு தலைமை ஆசிரியர், மேலிடம் மாறும்வரை காத்திருக்காமல், என்ன செய்யலாம்?

நான் செய்ததைச் சொல்கிறேன். ஓர் ஆண்டு விடுமுறையில், பள்ளியில் எழுதும் பதிவேடுகள் எல்லாவற்றையும் நீள மேஜையில் வரிசையாகப் பரப்பினோம். ஒவ்வொன்றையும் தூக்கி, "போன வருஷம் இதைப் புரட்டிப் பார்த்தவர் யார்?" என்று கேட்டேன். சட்டப்படி வேண்டியவற்றைத் தனியாக வைத்தோம். வருகை, கற்றல் குறைபாடு, உடல்நலக் குறிப்பு போன்றவை எங்களுக்கே வேண்டும் என்று முடிவு செய்தோம். மீதமிருந்தவற்றில் பெரும்பாலானவை, எப்போதோ யாரோ கேட்டதற்காகத் தொடங்கி, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவை. ஒன்றின் முதல் பக்கத்தில் இருந்த சுற்றறிக்கை ரத்தாகியே பல ஆண்டுகள் ஆகியிருந்தது.

அவற்றை நிறுத்துவதாக மேலே எழுத்தில் தெரிவித்துவிட்டு நிறுத்தினோம். ஒன்றை மட்டும் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தோம். மற்றவற்றைப் பற்றி நான் ஓய்வு பெறும்வரை ஒரு கேள்விகூட வரவில்லை. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியது. அந்த நேரத்தில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நான்கைந்து பேராக உட்கார வைத்துப் படிக்க வைத்தோம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஆசிரியரிடம் "என் பிள்ளை என்ன மார்க்?" என்று மட்டும் கேட்காமல், "எந்த இடத்தில் தடுமாறுகிறான்?" என்று கேளுங்கள். பதிவேட்டைப் பார்க்காமல் அவரால் பதில் சொல்ல முடிந்தால் அவருக்கு உங்கள் பிள்ளையோடு உட்கார நேரம் கிடைத்திருக்கிறது. முடியாவிட்டால் உடனே அவர்மேல் குறை சொல்லாதீர்கள். அந்த வாரம் எத்தனை படிவம் நிரப்பினார் என்று விசாரியுங்கள். பள்ளி நிர்வாகக் குழுவில் உங்களுக்கு இடம் இருந்தால் அந்த எண்ணிக்கையைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். ஆசிரியர் சொன்னால் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள், பெற்றோர் சொன்னால் கூட்டக் குறிப்பில் எழுதுவார்கள்.